முதல் ஞாபகம் எத்தனை வயதில்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கில், வன்னியில், கிளிநொச்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மத்தியானம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாமார் படலையடியில் நின்று, "டீச்சர், இதெல்லாம் இவனுக்குப் பிறகு ஞாபகம் இருக்குமா?" என்று கேட்பார்கள். கொஞ்சம் கதைத்தால் அவர்களுடைய சொந்தக் கேள்வியும் வெளியே வரும். எனக்கு ஏன் அந்த நாட்கள் ஞாபகமில்லை? ஞாபகமிருப்பது உண்மையாக நடந்ததா, ஆரும் சொன்னதா? வன்னியில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 2009இல் முடிந்த போரிலும் இடப்பெயர்வுகளிலும் எல்லாம் போனதால், எங்களில் பலரிடம் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை. இருப்பது ஞாபகம் மட்டும். அதனால் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன்.

பொதுவாக ஒருவருக்கு எத்தனை வயதிலிருந்து ஞாபகம் இருக்கும்?

வளர்ந்தவர்களிடம் "உங்கள் முதல் ஞாபகம் எது?" என்று கேட்டால், சராசரியாக மூன்று வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் இடையில் நடந்த ஒன்றைச் சொல்வார்கள். இந்தக் கேள்வி புதிதில்லை. 1890களிலேயே பிரான்சில் விக்தோர் ஆன்றி, கத்தரீன் ஆன்றி என்ற தம்பதியினர் கேள்விக்கொத்து அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். அப்போது கிடைத்த பதிலும் ஏறக்குறைய மூன்று வயதுதான்.

சராசரி என்றபடியால் இரண்டு வயதில் ஒன்றை வைத்திருப்பவரும் உண்டு, ஆறு வயதுவரை ஒன்றுமே இல்லாதவரும் உண்டு. கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் நீண்டகாலம் இதை ஆராய்ந்த கரோல் பீற்றர்சன், 2021இல், உண்மையான வயது இரண்டரைக்குக் கிட்ட இருக்கலாம் என்று எழுதினார். காரணம், பழைய ஞாபகங்களை நாங்கள் நடந்த காலத்தைவிடப் பிந்தியதாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டரை வயதில் நடந்ததை "எனக்கு அப்ப நாலு வயசிருக்கும்" என்கிறோம்.

முதல் ஞாபகம் வந்துவிட்டால் அதன்பிறகு எல்லாம் தொடர்ச்சியாக வரும் என்றும் நினைக்க வேண்டாம். ஏழு வயதுவரை உள்ளது பெரும்பாலும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும்.

அப்படியென்றால் குழந்தைக்கு ஞாபகசக்தி இல்லையா?

இருக்கிறது. இதைத்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் கரோலின் ரோவி-கொலியர் என்ற ஆராய்ச்சியாளர், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் காலில் ஒரு நாடாவைக் கட்டி, மறுமுனையை மேலே தொங்கும் விளையாட்டுப் பொருளோடு இணைத்தார். உதைத்தால் அது ஆடும். குழந்தை அதைக் கெதியாகப் பழகிவிடும். பிறகு நாட்கள் கழித்துத் திரும்பவும் காட்டினால், மூன்று மாதக் குழந்தைக்கு ஒரு கிழமைவரை அது மறக்கவில்லை. ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு கிழமைவரை மறக்கவில்லை.

2025இல் யேல் பல்கலைக்கழகத்தார் நான்கு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட 26 குழந்தைகளை ஸ்கான் இயந்திரத்துக்குள் வைத்துப் படங்கள் காட்டினார்கள். ஒரு வயதளவிலேயே, ஞாபகத்தைப் பதியும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸ் வேலை செய்வது தெரிந்தது. ஆக, பதிவு நடக்கிறது. பிறகு எங்களால் அதை எடுக்க முடியாமல் போகிறது.

எப்போது போகிறது என்பதற்கும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பற்றீசியா பௌவர் என்பவர் மூன்று வயதுப் பிள்ளைகள் தாயோடு அண்மையில் நடந்தவற்றைப் பற்றிக் கதைப்பதைப் பதிவுசெய்தார். சில வருடம் கழித்து அதே பிள்ளைகளிடம் அதே சம்பவங்களைப் பற்றிக் கேட்டார். ஐந்து முதல் ஏழு வயதில் கேட்கப்பட்டவர்களுக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஞாபகமிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் கேட்கப்பட்டவர்களுக்கு 40 சதவீதம்கூட இல்லை.

நான் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் முன்பள்ளிக்கு வந்த ஒரு மகள், ஊருக்குள் யானை வந்து வாழையை முறித்த இரவைப் பற்றி மூன்றரை வயதில் ஒரு மாதம் கதைத்தாள். தும்பிக்கையைக் கையால் செய்து காட்டுவாள். நாலாம் வகுப்புக்குப் போனபிறகு கேட்டேன். "எந்த யானை, டீச்சர்?" என்றாள்.

ஏன் மறக்கிறது?

ஒரே காரணம் என்று யாரும் சொல்வதில்லை. 1905இல் சிக்மண்ட் பிராய்ட், அந்த வயது ஆசைகளையும் பயங்களையும் மனம் வேண்டுமென்றே அமுக்கி வைக்கிறது என்றார். இன்றைக்கு ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. மறதியில் நல்லது, கெட்டது என்ற பேதமில்லை. திருவிழாவும் போகிறது, தடிமனும் போகிறது.

இப்போது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று மூளையின் வளர்ச்சி. குழந்தையின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புக்கலங்கள் மளமளவென்று உருவாகின்றன. புதியவை வந்து இணையும்போது பழைய இணைப்புகள் குலைகின்றன. ரொறன்ரோவில் போல் பிராங்லண்ட், ஷீனா ஜொஸ்லின் ஆகியோரின் குழு 2014இல் எலிகளில் இதைக் காட்டியது. புதிய கலங்கள் உருவாகும் வேகத்தைக் குறைத்தபோது குட்டி எலிகள் குறைவாக மறந்தன. மண்சுவர் காயமுதல் அதில் கீறினால் என்ன நடக்கும்? அடுத்த மெழுகலோடு கீறல் போய்விடும். எனக்கு அந்த மாதிரித்தான் விளங்குகிறது.

இன்னொன்று மொழி. நியூசிலாந்தில் கப்ரியேல் சிம்கொக், ஹார்லின் ஹெய்ன் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டேகால் வயதிலிருந்து மூன்றேகால் வயதுவரையான பிள்ளைகளுக்கு ஒரு மாயப் பெட்டியைக் காட்டினார்கள். பெரிய விளையாட்டுச் சாமானை மேலே போட்டால் கீழே அதுவே சின்னதாக வரும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கேட்டபோது பிள்ளைகள் படத்தைப் பார்த்து அடையாளம் காட்டினார்கள், செய்தும் காட்டினார்கள். வாயால் சொல்லும்போது மட்டும், சம்பவம் நடந்த நாளில் அவர்களுக்குத் தெரிந்திருந்த சொற்களைத் தவிர வேறு சொல் வரவில்லை. இடையில் எவ்வளவோ சொற்கள் படித்திருந்தும், பழைய ஞாபகத்துக்குப் புதுச் சொல் ஒட்டவில்லை.

மூன்றாவது, "நான்" என்ற உணர்வு. கண்ணாடியில் தெரிவது தானே என்று பிள்ளைக்கு விளங்குவது ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில். நடந்ததை "எனக்கு நடந்தது" என்று கோத்து வைக்க அந்த நான் வேண்டும்.

என் ஞாபகம் எந்த வயதினது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்ற நாட்டில் படத்தின் பின்பக்கம் எழுதிய திகதியைப் பார்ப்பார்கள். எங்கள் அல்பங்கள் நந்திக்கடலில் போயின, பங்கருக்குள் உக்கின, வழியில் விட்ட பெட்டிகளோடு போயின. ஆனால் எங்களிடம் வேறொரு நாட்காட்டி இருக்கிறது: இடப்பெயர்வு. வீடு மாறியவர்களுக்குச் சின்ன வயது ஞாபகங்களைக் காலப்படி அடுக்குவது எளிது என்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவருக்கு மூன்று வயதும் ஐந்து வயதும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எங்களுக்கு அந்தப் பிரச்சினை குறைவு. "அது அக்கராயனில இருக்கேக்க", "அது மல்லாவியில" என்று எங்கள் வீடுகளில் காலத்தை இடத்தால்தான் சொல்கிறோம்.

ஆகவே முதலில் உங்கள் குடும்பம் இருந்த இடங்களையும் வருடங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். வெளியே எல்லோருக்கும் தெரிந்த நாட்களையும் பக்கத்தில் போடுங்கள். வலிகாமத்திலிருந்து சனம் வெளிக்கிட்டது 1995 ஒக்ரோபர் கடைசியில். கிளிநொச்சி இடம்பெயர்ந்தது 1996இல். ஏ9 பாதை திறந்தது 2002 ஏப்ரலில். சுனாமி 2004 டிசம்பர் 26. கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தது 2013 செப்ரெம்பரில். பிறகு ஞாபகத்துக்குள் போய்ப் பாருங்கள். என்ன கூரை, ஓலையா, தகரமா, தறப்பாளா? இரவில் குப்பிவிளக்கா, மின்சார வெளிச்சமா? கையில் பாலைப்பழம் இருக்கிறதா, வெள்ளம் நிற்கிறதா? பாலைப்பழம் என்றால் கோடை, வெள்ளம் என்றால் மாரி. அம்மப்பா உயிரோடு இருக்கிறாரா? தம்பி பிறந்துவிட்டானா?

சில வேளை இந்தக் கணக்கு ஞாபகத்தையே தள்ளிவிடும். என் உறவில் ஒரு அண்ணா, மூன்று வயதில் பரந்தனில் யாழ்தேவி ஏறியது தனக்கு நல்ல ஞாபகம் என்பார். அவர் பிறந்தது 1989இல். யாழ்ப்பாண ரயில் நின்றது 1990இல். அவர் ஏறியிருந்தால் கைக்குழந்தையாக ஏறியிருக்க வேண்டும். பெரியவர்கள் யாழ்தேவியைப் பற்றிக் கதைக்கக் கதைக்க அவருக்குள் உருவான பயணம் அது என்று நினைக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை.

என்னுடைய முதல் ஞாபகத்தையும் சொல்கிறேன். உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டைக்கு மேல் இருக்கிறேன். மடியில் கால் கட்டின பேட்டுக்கோழி. அதன் நெஞ்சு என் கைக்குள் அடித்துக்கொள்கிறது. மழை முகத்தில் படுகிறது. அம்மாவிடம் கேட்டேன். கோழி உண்மை, நெல் மூட்டை உண்மை, அது 1996, எனக்கு மூன்றரை வயது. மழைதான் இல்லை. "ஆடி மாசம் வெளிக்கிட்டனாங்கள், புழுதி கண்ணைத் திறக்க விடேல்லை. மழை ஸ்கந்தபுரம் போனாப் பிறகுதான்" என்றா. இரண்டு நாட்கள் என் தலைக்குள் ஒன்றாகிவிட்டன. இப்போது அது தெரிந்தபிறகும், கோழியை நினைத்தால் மழையும் சேர்ந்தே வருகிறது.

அம்மா சொன்னதைத்தான் நான் ஞாபகம் என்று வைத்திருக்கிறேனா?

இருக்கலாம். மிகப் பெரிய ஆட்களுக்கும் அது நடந்திருக்கிறது. பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த சுவிற்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜேக்கு, சின்ன வயதில் தன்னை ஒருவன் கடத்த வந்ததும், வளர்ப்புத்தாதி போராடித் தடுத்ததும், அவள் முகத்தில் கீறல் விழுந்ததும் தெளிவாக ஞாபகமிருந்தது. அவருக்குப் பதினைந்து வயதளவில் அந்தத் தாதி கடிதம் எழுதினாள். எல்லாம் தான் கட்டிய கதை என்று சொல்லி, அதற்காக அந்தக் குடும்பம் கொடுத்த கடிகாரத்தையும் திருப்பித் தந்தாள். நடக்காத ஒன்றைப் பியாஜே பல வருடம் கண்முன்னே கண்டுகொண்டிருந்தார்.

எலிசபெத் லொஃப்டஸ் 1995இல் 24 பேரிடம், "சின்ன வயதில் கடைத்தொகுதியில் தொலைந்து போனீர்கள்" என்று உறவினர் சொன்னதாக ஒரு பொய்ச் சம்பவத்தைக் கொடுத்தார். ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதை முழுவதுமாகவோ பாதியாகவோ "ஞாபகப்படுத்திக்கொண்டார்".

எப்படிப் பிரித்தறிவது? நிச்சயமான வழி இல்லை. நான் கவனிப்பது ஒன்றுதான்: கதைக்கு உதவாத சின்ன விசயம் ஏதும் அதில் இருக்கிறதா? பெரியவர்கள் சொல்லும் கதையில் ஆர் செத்தது, எங்கே போனது, எவ்வளவு நடந்தது என்பதே இருக்கும். கோழியின் நெஞ்சு கைக்குள் அடித்ததை யாரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஞாபகத்தில் உங்களையே நீங்கள் வெளியே நின்று பார்க்கிறீர்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அதற்காக அது பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய உண்மையான ஞாபகங்களும் அப்படி மாறுவதுண்டு.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் முகத்தில் ஒரு பயம் இருக்கும், தாங்கள் பொய்யரோ என்று. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். அதேபோல, மற்றவர் சொல்வதில் ஒரு திகதி பிழைத்தால், "உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது" என்று வாயை அடைக்கவும் வேண்டாம். என் மழை பிழை. இடப்பெயர்வு பிழையில்லை.

பிறந்ததும் வயிற்றுக்குள் இருந்ததும் ஞாபகம் என்கிறார்களே?

சுபத்திரையின் வயிற்றில் இருந்து சக்கரவியூகத்துக்குள் போகும் வழியைக் கேட்ட அபிமன்யு கதை எங்களுக்குத் தெரியும். கேட்பது உண்மைதான். பிறந்து சில நாளான குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுவதை 1980இல் ஓர் ஆய்வு காட்டியது. பழகிய குரலை அடையாளம் காண்பது அது. ஒரு காட்சியைத் திரும்பக் காண்பது வேறு. பிரித்தானியாவில் 6,641 பேரின் முதல் ஞாபகங்களைச் சேகரித்து 2018இல் வெளியிட்டார்கள். 893 பேர் ஒரு வயதிலோ அதற்கு முந்தியோ நடந்தது என்றார்கள். ஆய்வாளர்கள் அவற்றைப் பிறகு கட்டப்பட்டவை என்றே கருதுகிறார்கள்.

2009இல் எனக்கு இரண்டு வயது. ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் வெடிச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது. இது எப்படி?

உயர்தரம் படிக்கும் வயதுப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான். நான் மருத்துவர் இல்லை, படித்ததைச் சொல்கிறேன்.

ஞாபகம் ஒரு வகையில்லை. "அன்றைக்கு இது நடந்தது" என்று சொல்லக்கூடியது ஒன்று. உடம்பு பழகிக்கொண்டது இன்னொன்று. சைக்கிள் ஓட எந்த நாள் பழகினோம் என்பது மறந்தாலும் கால் மறப்பதில்லை. 1911இல் சுவிற்சர்லாந்து மருத்துவர் எடுவார்ட் கிளப்பரேட் ஒரு சம்பவத்தை எழுதினார். புது ஞாபகம் எதுவுமே பதியாத ஒரு பெண் நோயாளியின் கையைக் குலுக்கும்போது, தன் விரல்களுக்குள் ஒளித்துவைத்த ஊசியால் அவர் குத்தினார். அடுத்த முறை அந்தப் பெண்ணுக்கு மருத்துவரையே ஞாபகமில்லை. ஆனால் கையைக் கொடுக்க மறுத்தாள். முன்பு தன்னைக் குத்தியது அவளுக்கு ஞாபகமில்லை. சொல்லக்கூடிய ஞாபகம் இல்லாமலே பயம் மட்டும் தங்கலாம் என்பதற்கு இதைச் சொல்வார்கள். குழந்தைக்கும் அப்படித் தங்கக்கூடும்.

ஆனால் உங்கள் நடுக்கம் முழுவதும் கடைசிப் போர் நடந்த மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதன்பிறகு வளர்ந்த வீட்டில் ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா திடுக்கிட்டிருப்பார். வானத்தில் ஏதும் போனால் அம்மம்மா நிமிர்ந்து பார்த்திருப்பார். பிள்ளை அதையும் படிக்கும். எந்த வழியால் வந்திருந்தாலும் நடுக்கம் உண்மையானது. நித்திரையையோ படிப்பையோ குழப்பினால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். "ஒன்றும் ஞாபகமில்லாமல் என்ன சொல்வது?" என்று தயங்க வேண்டாம். இப்போது உடம்புக்கு என்ன செய்கிறது என்று சொன்னால் போதும்.

எனக்கு அப்போது நான்கு வயது. அக்காவைவிட எனக்குத்தான் கூட ஞாபகம். அது ஆகுமா?

ஆகும். வயது மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. ஆர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு ஆரோடு அதைக் கதைத்தார் என்பதிலும் இருக்கிறது. 1993இல் அஷர், நைசர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், தம்பி தங்கை பிறந்ததும் தான் ஆஸ்பத்திரியில் படுத்ததும் இரண்டு வயதில் நடந்திருந்தாலே சிலருக்கு ஞாபகமிருந்தது. வீடு மாறியதும் குடும்பத்தில் சாவு நடந்ததும் மூன்று வயதிலிருந்து ஞாபகமிருந்தது. பெரிய மாற்றங்கள் ஆழமாகப் பதிகின்றன.

அக்காவுக்கு உண்மையில் ஞாபகமில்லாமலும் இருக்கலாம், கதைக்க விருப்பமில்லாமலும் இருக்கலாம். வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

மணம் வந்தால் ஏன் எல்லாம் திரும்பி வருகிறது?

மணத்தை அறியும் நரம்பு, மூளையில் உணர்ச்சியும் ஞாபகமும் இருக்கும் பகுதிகளுக்கு மிகக் கிட்டப் போகிறது. மணம் கிளப்பும் ஞாபகங்கள் பத்து வயதுக்கு முந்தியவையாக இருப்பதும் அதிகம். வெயிலில் காய்ந்த தறப்பாள், சாணம் மெழுகிய திண்ணை, மண்ணெண்ணெய், கஞ்சியில் கருகின அடிப்பானை. உங்களுடையதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு ஈரக் கோழிச் சிறகு.

எங்களிடம் ஒரு படமும் இல்லை. எங்கள் சின்ன வயதை எப்படித் திரும்பச் சேர்ப்பது?

கதைத்துத்தான். இது வெறும் ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. உலகில் இதுவரை ஆராயப்பட்ட சமூகங்களில் மிக முந்திய ஞாபகம் உள்ளவர்கள் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் அவர்களுடைய முதல் ஞாபகம் சராசரியாக இரண்டு வயதும் எட்டு மாதமுமளவில் இருந்தது. குடும்பத்துக் கதையை, பிறந்த கதையை, முன்னோர் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ப்பது அவர்கள் வழக்கம். ஒரே மாதிரி மூளைதான் எல்லோருக்கும். வீட்டில் நடக்கும் கதை வேறு.

எங்களுக்கும் அந்த வழக்கம் இருந்தது. பல்லுக்கொழுக்கட்டை அன்று பிள்ளை தட்டத்தில் எதை எடுத்தது, பேனையையா, காசையா, என்று இருபது வருடத்துக்குப் பிறகும் சொல்லிச் சிரிக்கும் ஆட்கள் நாங்கள். 2009க்குப் பிறகு பல வீடுகளில் கதை நின்றுவிட்டது. கடைசி ஐந்து மாதத்தைத் தொடாமல் இருப்பதற்காக அதற்கு முந்திய எல்லாவற்றையும் சேர்த்து மூடிவிட்டார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். முள்ளிவாய்க்காலைக் கதைக்க முடியாவிட்டால் பரவாயில்லை. அதற்கு முதல் வளவில் நின்ற மாமரத்தைக் கதைக்கலாம். கிணற்றடியில் ஆர் குளிக்க வார்த்தது, ஏணை எந்தத் தீராந்தியில் கட்டியிருந்தது, வற்றாப்பளைப் பொங்கலுக்கு எந்த மாட்டுவண்டியில் போனது என்று கதைக்கலாம்.

அம்மம்மாவிடம் "என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டால் "என்னத்தை மோனை" என்றுதான் பதில் வரும். தாளும் பென்சிலும் கொண்டு போங்கள். பழைய வளவைக் கீறச் சொல்லுங்கள். படலை எந்தப் பக்கம்? குசினிக்குள் இருந்து பார்த்தால் என்ன தெரியும்? மாட்டுக்கு என்ன பெயர்? கை கீறத் தொடங்கினால் வாய் தானாகத் திறக்கும். போனில் குரலைப் பதியுங்கள். கனடாவில் இருக்கும் பெரியம்மாவிடமும் வீடியோ அழைப்பில் அதே வளவைக் கீறச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பொருந்தாத இடத்தில் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையையும் பதியுங்கள், நிறைய விசயம் வரும்.

முடிந்தால் அந்த இடத்துக்குப் போங்கள். வீடு இல்லாவிட்டாலும் கிணறு இருக்கும். சின்னப் பிள்ளையின் உயரத்துக்குக் குந்தியிருந்து பாருங்கள்.

என் பிள்ளைக்கு இப்போது நடப்பது பிறகு ஞாபகம் இருக்க நான் என்ன செய்யலாம்?

படம் மட்டும் எடுத்தால் போதாது. போனில் ஆயிரம் படம் இருந்தும் பார்க்காமல், கதைக்காமல் விட்டால் பயன் குறைவு. நடந்ததைப் பற்றிப் பிள்ளையோடு விரிவாகக் கதைக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் ஞாபகங்கள் முந்திய வயதிலிருந்து இருப்பதை நியூசிலாந்தில் இலேன் ரீஸ் பல வருடம் தொடர்ந்து பார்த்துக் காட்டியிருக்கிறார். கேட்கும் விதம்தான் முக்கியம்.

"கோயிலுக்குப் போனோம், என்ன? பொங்கல் சாப்பிட்டோம், என்ன?" என்றால் பிள்ளை "ஓம்" என்று மட்டும் சொல்லும். பதிலாக இப்படிக் கேளுங்கள்:

"கோயில்ல என்ன கண்டனீங்கள், குஞ்சு?"

"மாடு."

"ஓ, பெரிய கொம்பு வைச்ச வெள்ளை மாடு. அது என்ன செய்தது?"

"என்ர பலூனைப் பாத்தது."

"பாத்திட்டு?"

பலூனை மாடு பார்த்ததா என்று விசாரிக்க வேண்டாம். பிள்ளை ஒன்றைச் சொன்னால் அதோடு ஒரு சொல்லைச் சேர்த்து, இன்னொன்றைக் கேளுங்கள். நாங்கள் கொடுக்கும் சொல், பிள்ளை பிறகு அந்த நாளைப் பிடித்து எடுக்கிற கைபிடி. இதற்குத் தனி நேரம் வேண்டாம். நித்திரைக்கு முதல், தலை இழுக்கும்போது, சைக்கிளில் வரும்போது கேட்டால் போதும். அப்பாமாரும் செய்யலாம், செய்ய வேண்டும்.

அம்மா 2009இல் போய்விட்டா. எனக்கு ஒன்றரை வயது. அம்மாவின் முகம் ஞாபகம் வர ஏதும் வழி இருக்கிறதா?

இந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். அந்த முகத்தைக் காட்சியாகத் திரும்ப எடுக்க வழியில்லை. மயக்கித் தூங்கவைத்துப் பழைய ஞாபகத்தை எடுத்துத் தருகிறோம் என்று ஆரும் சொன்னால் போக வேண்டாம். அப்படி வருவது பெரும்பாலும் புதிதாகக் கட்டப்பட்டதாகவே இருக்கும். அம்மா என்று நினைத்து இன்னொரு முகத்தைச் சுமப்பீர்கள்.

ஞாபகமில்லை என்பதற்காக உங்களுக்கு அன்பில்லை என்றில்லை. ஒன்றரை வயதில் நீங்கள் அந்த முகத்தை ஆயிரம் முகத்துக்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். முதன்முதல் கேட்ட தமிழ் அவருடைய வாயிலிருந்து வந்தது. நீங்கள் இப்போது கதைப்பதும் அந்தத் தமிழில்தான்.

அம்மாவைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சித்தியிடம், அம்மாவோடு படித்தவர்களிடம், பக்கத்துப் பங்கரில் இருந்தவர்களிடம் போங்கள். எப்படிச் செத்தா என்பதை அவர்கள் கேட்காமலே சொல்லுவார்கள். நீங்கள் மற்றதைக் கேளுங்கள். எப்படிச் சிரிப்பா? கோபம் வந்தால் என்ன செய்வா? புட்டுக்கு என்ன கறி விருப்பம்? சைக்கிள் ஓடுவாவா? என்னை ஏணையில போட்டு என்ன பாடுவா? என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டவ?